ஒரு கட்டை ஏற்றிய குரல்

மேடைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்க்க வரும்போது முதலில் என் தொண்டையைத்தான் பார்க்கிறீர்கள். "உக்காருங்க" என்று நான் சொல்வதற்குள் பாதி காற்றாகப் போய்விடுகிறது. "வயசாயிடுச்சில்ல, பாவம்" என்று உங்களுக்குள் பேசிக்கொள்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இது வயதால் வந்தது இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான். எப்படி வைத்துக்கொண்டேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் எப்படி நிற்பது, மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லித்தர ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லை.

எனக்குக் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமம். நடவுக்குப் போகிற குடும்பம். சேற்றில் குனிந்து நாற்றைக் கையில் எடுத்தால் யாராவது ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். எங்கள் ஆட்களில் எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் குரல் தடித்த குரல். காலையிலிருந்து மத்தியானம் வரை வயிற்றை மடித்துக் குனிந்தபடி பாடுகிறவளுக்குக் குரல் மேலே போகாது. கீழேயே நின்று அழுத்திப் பாட வேண்டும். அப்படிப் பழகிய குரல். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் நாலு கட்டை. நீங்கள் ஸ்கேல் என்கிறீர்களே, அதைத்தான் நாங்கள் கட்டை என்போம். பெண்கள் பெரும்பாலும் அஞ்சிலோ அஞ்சரையிலோ பாடுவார்கள். நான் நாலு. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை.

கேசட் காலம் அது. சேலத்தில் நாட்டுப்புறப் பாட்டுக் கேசட் போடுகிற ஒருவர், எங்கள் பக்கத்துத் திருவிழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். அவரை முதலாளி என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆர்மோனியம் வாசிப்பவரையும் பம்பை அடிப்பவரையும் கூட்டிக்கொண்டு சின்னசேலத்தில் ரயில் ஏறினேன். ஆர்மோனியம் வாசிப்பவரை எங்கள் பக்கம் பெட்டிக்காரர் என்போம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர், கூத்து மேடைகளில் வாசித்துப் பழகியவர், வாயில் எப்போதும் வெற்றிலையும் மூக்குக்கு மேலே கோபமும் இருக்கும். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஸ்டுடியோவில் என்னை நின்று பாடச் சொன்னார்கள். நின்றால் எனக்குப் பாட்டு வரவில்லை. கடைசியில் மைக்கை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள், நான் நடவு நடுகிற மாதிரி குனிந்துகொண்டு பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இரண்டு நாளில் பத்துப் பாட்டு பாடிக் கொடுத்தேன். பாடி முடித்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டோம். பாடியதை எங்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்களும் போட்டுக் காட்டவில்லை.

கேசட் வெளிவந்ததும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கேசட் கடையில் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் என் குரலை நான் மெஷினில் கேட்டதே கிடையாது. யார் இவள் என்று இருந்தது. பாட்டு என் பாட்டு, வார்த்தை என் வார்த்தை, ஆனால் குரல் யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையது. கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அவங்கவங்க கொரலு டேப்புல வேற மாதிரிதாங்க கேக்கும். எனக்கே எங்கொரலு புடிக்காதுங்க" என்று சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை, அது எல்லாருக்கும் அப்படித்தான். நானும் மற்றவர்கள் காதில் நான் இப்படித்தான் விழுகிறேன் போல என்று நம்பிவிட்டேன். முப்பது வருஷம் என் வாயிலிருந்து வந்த குரலை நம்பாமல், முந்தாநாள் வந்த மெஷினை நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கேசட் நன்றாக ஓடியது. கங்காணியைக் கிண்டல் பண்ணுகிற நடவுப் பாட்டு ஒன்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஓயாமல் ஒலித்தது. ஆடி மாதம் சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஊரில் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். மத்தியான நேரம், பந்தல் நிறையக் கூட்டம். கூழைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கங்காணிப் பாட்டைத்தான் முதலில் எடுத்தேன். இரண்டு அடி பாடுவதற்குள் சலசலப்பு.

"யோவ், இன்னாய்யா இது? யாரையோ இட்டுக்கினு வந்து உக்கார வச்சிக்கிறீங்க!" என்று ஒருவன் எழுந்து கத்தினான். இன்னும் நாலைந்து பேர் கூடக் கத்தினார்கள். பாட்டை நிறுத்திவிட்டேன். திருவிழா நடத்துகிற பெரியவர் மேடை ஓரமாக வந்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "யம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க அவங்க தங்கச்சிங்களா? அவங்க வரலிங்களா?"

"நாந்தாங்க அது" என்றேன்.

"கேசட்டுல அப்பிடி இல்லியேம்மா."

நிரூபிப்பதற்காக மைக் செட்காரர் கேசட்டைப் போட்டார். பந்தல் முழுக்க அந்தக் கீச்சுக்குரல். கூட்டம் "அதான்! அதான்!" என்றது. நான் கூனிக் குறுகிப் போனேன். பெட்டிக்காரர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே பெட்டியில் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பினார்.

"அஞ்சு" என்றார் என் காதருகில். "நாம பாடுனது நாலு. பெட்டிச் சத்தம், பம்பைச் சத்தம் எல்லாமே மேல போயிக்கிது. டேப்பு ஓட்டத்தக் கூட்டி வுட்டுக்கிறானுங்க. முழுசா ஒரு கட்டை."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பயமும் கோபமும் சேர்ந்து வந்தன, பயம்தான் ஜாஸ்தி. "அஞ்சுல போடுங்கண்ணே" என்றேன்.

"வேணாம். எழுந்து நின்னு சொல்லு. இதான் எங்கொரலு, அவன் ஓட்டத்த ஏத்திட்டான்னு சொல்லு. நான் பெட்டிய வச்சி காட்டறேன்."

"கல்லு வுடுவானுங்கண்ணே."

"வுட்டா வுடட்டும். இன்னிக்கி நீ ஏத்துனீன்னா, அப்புறம் எறக்க வுடமாட்டானுங்க."

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கூட்டம் ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம். மைக் என் கையில் இருந்தது. நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துப் பேர் கத்தியிருப்பார்கள், பத்துப் பேர் நம்பியிருப்பார்கள், மிச்சப் பேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள். நான் அஞ்சில் போடச் சொல்லித் தொண்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாடினேன். கைத்தட்டல் பந்தலைத் தூக்கியது. கேசட்டில் இருந்த ஒரு பொய்யைப் போல நான் பாடிக் காட்டினேன், அதற்குத் தட்டினார்கள்.

சண்டை போட வேண்டும் என்று சேலத்துக்குப் போகாமல் இல்லை. அடுத்த வாரமே போனேன். முதலாளி காப்பி வாங்கிக் கொடுத்தார். "பத்துப் பாட்டும் சேந்து அறுபத்தேழு நிமிஷம் வந்துச்சும்மா. கேசட்டு அறுபது நிமிஷம்தான். ஒரு பாட்ட வெட்டணும், இல்லேன்னா ஓட்டத்த ஏத்தணும். ஏத்துனோம். குரலும் சின்னப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு. உனக்கு நல்லதுதானே?" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா உனக்குப் புரியுமா?"

புரியுமா என்று கேட்டார். சேற்றில் நிற்கிற இருபது பெண்களின் குரலை ஒரே கட்டையில் இழுத்துக்கொண்டு போகிறவளைப் பார்த்துக் கேட்டார். இருபது பேரில் ஒருத்தி அரைக் கட்டை இறங்கினாலும் எனக்கு முதுகில் தெரியும். என் குரலை எடுத்து என்னைக் கேட்காமல் வேறொருத்தியாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, சொன்னால் புரியுமா என்று கேட்கிற வாய் எப்பேர்ப்பட்ட வாய்! அந்தக் காப்பி டம்ளரை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். குடித்து முடித்துவிட்டு, "அடுத்த கேசட்டுல இப்பிடி பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

அடுத்த கேசட்டும் வந்தது. ஊர் எதிர்பார்க்கிறதே என்று ஸ்டுடியோவில் நானே அஞ்சு கட்டையில் பாடினேன். இனி ஏற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வெளிவந்ததைப் பெட்டிக்காரர் வைத்துப் பார்த்துவிட்டு "அஞ்சரை" என்றார். முதல் கேசட் அந்த ஓட்டத்தால்தான் விற்றது, அதனால் இதிலும் கொஞ்சம் சேர்த்தோம் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நான் மேடையில் அஞ்சரைக்குப் போனேன். பெட்டிக்காரர் ஒவ்வொரு ஊரிலும் முறைத்துக்கொண்டே வாசித்தார். சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு என்று என் பை வைத்தியர் கடை போல ஆகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் வாயையே திறக்காதே என்றார். நாலாம் நாள் ஒரு மேடையில் பாடிக்கொண்டிருந்தேன். இவர்களை எல்லாம் திட்டுகிறேனே, அந்த நாலாம் நாளுக்கு நான் யாரைத் திட்டுவது?

உங்களுக்கு இன்னும் சுலபம். செல்போனிலேயே குரலை இழுத்து, தட்டி, வழவழவென்று ஆக்கிக்கொள்கிறீர்கள். போன மாதம் வந்த ஒரு பெண், நேரில் பாடும்போது அந்த மாதிரி வரமாட்டேன் என்கிறது அக்கா, என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் இதைக் கேள்விப்பட்டால், கோபம் உன் மேல் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடியபோது கல்வராயன் மலையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வெள்ளிமலை வரை பஸ், அங்கிருந்து ஜீப்பில் உள்ளே ஒரு ஊர். மாரியம்மனுக்குத் திருவிழா. அந்த ஊருக்கு அப்போது கரண்டு வரவில்லை, அதனால் மைக்கும் இல்லை. அன்று காலை எழுந்தபோதே எனக்குத் தொண்டை அடைத்திருந்தது. அஞ்சரையை விடுங்கள், அஞ்சுகூட எட்டாது. மலையில் ஏறிவிட்டோம், அடித்தால்கூட ஓட வழியில்லை என்று மேடைக்காகப் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பெட்டிக்காரருக்கு நாலு விரலைக் காட்டினேன். அவர் உடனே கட்டையை மாற்றினார்.

கங்காணிப் பாட்டை நாலில் எடுத்தேன். எந்த நிமிஷமும் ஒருவன் எழுந்து கத்துவான் என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழவில்லை. இரண்டாவது அடியில் முன்வரிசைப் பெண்கள் வாங்கிப் பாடினார்கள். அதே நாலு கட்டையில், அதே நிதானத்தில், நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்திப் பாடினார்கள். பெட்டிக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் எந்த ஊரிலும் அப்படி யாரும் என்னோடு பாடியதில்லை.

பாடி முடித்ததும், முன்னால் நின்று சத்தமாகப் பாடிய பெண்ணிடம் போய், "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். ராமாயி என்று பெயர் சொன்னாள். என்னை ஏதோ புத்தி மாறியவளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"நீதான் சொல்லிக் குடுத்த. எங்க டேப்புல தெனம் பாடற இல்ல?"

"கேசட்டுல நான் இப்பிடியா பாடறேன்?"

"இப்பிடித்தான். புது பேட்டரி போட்டா மொதல்ல வேற யாரோ ஒருத்தி கீச்சு கீச்சுன்னு கத்துவா. நாலு நாளு பொறுத்தா பேட்டரி எறங்கும். அப்புறம் நீ வந்துருவ."

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். பாறையில் சாமை காய்ந்துகொண்டிருந்தது, அதன் ஓரத்தில் நாலு பேட்டரிகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தீர்ந்துபோன பேட்டரியை இப்படிக் காய வைத்துக் காய வைத்து வாரக்கணக்கில் ஓட்டுவார்களாம். டேப் ரிக்கார்டரில் அவற்றைப் போட்டு அழுத்தினாள். சக்கரம் சோம்பலாகச் சுற்றியது. என் குரல் வந்தது. நடவில் எடுத்துக் கொடுத்துப் பழகிய அந்தத் தடித்த குரல், குனிந்து நின்று பாடிய அந்தக் குரல். முதல் முறையாக மெஷினிலிருந்து என்னைக் கேட்டேன். பெட்டிக்காரர் பெட்டியை மடியில் வைத்துத் தொட்டுப் பார்த்து, "நாலுக்குக் கொஞ்சம் கம்மி. பரவால்ல" என்றார். நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுததாக ராமாயி நினைத்திருப்பாள். ஆத்திரத்தில் அழுதேன். கேசட் போட்டவரும் சொல்லவில்லை, ஊர் ஊராக மைக் செட் வைத்தவர்களும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. சாகப்போகிற நாலு பேட்டரி சொல்லிற்று.

ஜீப்பில் இறங்கும்போது பெட்டிக்காரர், "இனிமே நாலுதான். வேற கட்டைக்கு எங்கையி போவாது, சொல்லிட்டேன்" என்றார்.

"சத்தியமா நாலுதாண்ணே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் திருக்கோவிலூரில் பாட்டுக் கச்சேரி. பொழுது சாயும் நேரம். ஆற்றங்கரைப் பக்கம் பெரிய மேடை, எனக்கு அதுவரை வாய்த்ததிலேயே பெரிய கூட்டம். வழியெல்லாம் என் படம் போட்ட போஸ்டர். அதில் 'கேசட்டில் கேட்ட அதே குரல்' என்று அச்சடித்திருந்தார்கள். பெட்டிக்காரர் சொன்னபடி நாலில் சுருதியைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் என் கேசட் அட்டையைக் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். மலையில் பாடிய பெண்களையும் நினைத்தேன், ஆடி மாதத்துப் பந்தலையும் நினைத்தேன். பந்தல்தான் ஜெயித்தது.

"அஞ்சர போடுங்கண்ணே" என்றேன்.

"சத்தியம் பண்ணியே."

"போடுங்கண்ணே, கூட்டம் பாக்குது."

போட்டார். இரண்டு பாட்டு எப்படியோ இழுத்துவிட்டேன், கரகரவென்றுதான் வந்தது. மூன்றாவதில் மேலே போகிற அடி. போனேன். தொண்டைக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று ஆனது. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. மறுபடி திறந்தேன், காற்றுதான். பெட்டிக்காரர் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். பெட்டியை மூடினார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் எனக்கு வாசிக்கவில்லை. வாசித்தாலும் பாட எனக்குக் குரல் இல்லை.

கூட்டம் கலைந்துவிடப் போகிறதே என்று மைக் செட்காரர் அவசரமாகக் கேசட்டைப் போட்டார். நான் விட்டதும் கேசட் எடுத்துக்கொண்டது. நான் மைக்குக்கு முன்னால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை. கீச்சுக்குரல் ஆற்றங்கரை முழுக்கப் பாடிற்று. ஜனங்கள் ரசித்தார்கள், சீட்டி அடித்தார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிகிற வரைக்கும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முடிந்ததும் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"யக்கா, மொதல்ல ஏதோ கரகரன்னு இருந்துச்சிங்க. அப்புறம் வுட்டீங்க பாருங்க, அதாங்க உங்க கொரலு! இன்னா கொரலுங்கக்கா!"

அவளுக்குப் பதில் சொல்ல வாயில் சத்தம் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டியிருக்கலாம், அதற்குக் குரல் தேவையில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.